ஆரஞ்சுப் பையோடு வரும் அன்பர்

அடிபட்டவனை நலம் விசாரிக்க வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர்கள் கண் உள்ளே போய்விடும். ஆள் படுத்திருக்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா, அடடா, நிற்கிறானா? நின்றால் போச்சு. சிரித்தால் அதைவிடப் போச்சு. இழப்பீட்டு மனுவில் கையெழுத்துப் போட்டவன் டீயைக்கூட ருசித்துக் குடிக்கக் கூடாது என்பது இவர்கள் சட்டம்.

எனக்குத் தெரிந்த தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் இதில் கரை கண்டவர். எக்ஸ்ரே, ஸ்கேன், எலும்பு டாக்டரின் சீட்டு எதையும் நம்ப மாட்டார். தான் வாங்கிப் போகும் இரண்டு கிலோ ஆரஞ்சுப் பையைத்தான் நம்புவார். அதை மேஜையில் வைக்க மாட்டார், வீட்டு அம்மாவிடம் தர மாட்டார், நேரே அடிபட்ட கைப்பக்கமாக நீட்டுவார். என்ன மூளை பார்த்தீர்களா!

தன் கீழே பிரஸ் மெஷின் ஓட்டுகிற ஒருவர் வீட்டுக்கும் அப்படித்தான் போனார். மெஷின் இழுத்ததில் அவருக்கு வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. மூன்று மாதம் எதையும் தூக்காதே, தூக்கினால் அந்தக் கை ஆயுசுக்கும் உயராது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பை நீண்டதும், பழக்க தோஷம், அந்தக் கை தானாக முன்னால் வந்தது. வந்த வேகத்தில் முகம் சுண்டிப்போய், பை நழுவி, பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன. மேற்பார்வையாளர் கண்ணில் பட்டதோ கை வந்தது மட்டும்தான்.

"கை நல்லாத்தான் நீளுது," என்றார் அடிபட்டவரின் மனைவியிடம்.

"பழமெல்லாம் கீழ கிடக்குதே சார், அது தெரியலையா?" என்றாள் அவள்.

தெரியவில்லை. அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று, இழப்பீட்டு மனு நின்றது, வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்று கடிதம் வந்தது. லேசான வேலை தருவோம் என்று அழைத்து, அதே பிரஸ் மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் தோளின் தசைநார் முழுதாக அறுந்தது. இன்று அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது மனைவிதான். இதைக் கேட்டதும் நம் மேற்பார்வையாளர் என்ன சொன்னார் தெரியுமா?

"இவ்வளவு வலின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே."

சீ, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். கை முன்னால் வந்தது என்று படித்தபோது, 'அப்படியானால் கொஞ்சம் நடிப்பும் இருக்குமோ' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். உங்கள் தெருவில் யாராவது அடிபட்டு வீட்டில் கிடந்தால் எட்டிப் பார்க்காதீர்கள். அவர் பாட்டுக்குக் குணமாகட்டும்.