பத்துமலை எரிமலை அல்ல

என் எதிரில் யாராவது தப்பும் தவறுமாகப் பூகோளம் பேசினால் எனக்கு இரத்தம் தலைக்கேறிவிடும். மற்றப் பெண்களுக்குப் பாம்பைக் கண்டால் ஆகாது, எனக்கு இது. இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். கிள்ளானிலிருந்து ஒரு வரன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போகட்டும் என்று சொன்ன முதல் மாப்பிள்ளை. எனக்கு அது ஒன்றே போதும். அவருடைய மூக்கு, நிறம் எதையும் நான் விசாரிக்கவில்லை.

"வாயைத் திறந்தே, தோலை உரிச்சிருவேன்" என்று சொல்லித்தான் அம்மா கோப்பித் தட்டைக் கையில் கொடுத்தாள்.

நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். நடுநாயகமாக மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். காப்பாரில் ஏதோ ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. பெண் பூகோளத்தில் புலி என்று அப்பா பெருமையாகச் சொல்லித் தொலைத்தார். மாமாவுக்கு அது போதாதா?

"நம்ம மலாயாவுலயும் எரிமலை இருக்கு, தெரியுமாம்மா? பத்துமலை செத்துப்போன எரிமலை. உச்சியில ஓட்டை இருக்கே, அது வழியாத்தான் நெருப்புக் கக்கிச்சு. செலாயாங்குல சுடுதண்ணி ஊத்து வருதில்ல, அது தூங்குற எரிமலை. என்னிக்கு முழிக்குமோ."

பக்கத்தில் டச்சுக்காரன் ஆளும் ஜாவாவில் கக்குவது, தூங்குவது, செத்தது என்று எல்லா வகையும் கொட்டிக் கிடக்கின்றன. இந்த மனிதருக்குப் பத்துமலைதானா கிடைத்தது? பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது மாப்பிள்ளை, "ஆமாங்க மாமா" என்று தலையாட்டினார். (எனக்கு வாய்க்கப்போகும் புருஷன்.) அதற்குமேல் என்னால் தாங்கமுடியவில்லை.

"பத்துமலை சுண்ணாம்புக் கல்லு மாமா. அந்த ஓட்டை மழைத்தண்ணி கரைச்சது. செலாயாங்குல இருக்கிறது வெறும் வெந்நீர் ஊத்து. செத்த எரிமலைதான் வேணும்னா பகாங் பக்கம் போய்ப் பாருங்க, அதோட பழைய கல்லு கிடக்கும்."

"தண்ணி எங்க லா கல்லைக் கரைக்கும்?" என்று மாமா சிரித்தார். சபையே சிரித்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கரும்பலகையா இருக்கிறது படம் போட? அவர் மடியிலிருந்த தட்டில் கேசரியைக் கரண்டியால் குவித்தேன். "இது மலை. இப்பப் பாருங்க" என்று அதன் தலையில் கோப்பியை ஊற்றினேன். பாழாய்ப்போன கேசரி கரையவில்லை. (அம்மா அவ்வளவு நெய்யை ஊற்றியிருந்தாள்.) கோப்பி வழுக்கிக்கொண்டு நேராக மாமாவின் வெள்ளை வேட்டியில் இறங்கியது. "ஐயையோ, எரியுதே" என்று அவர் குதித்ததில் நாற்காலி சாய்ந்தது. உச்சியிலிருந்து சூடாக ஏதோ வழிந்ததால், பார்த்தவர்களுக்கு அவர் கட்சி ஜெயித்ததாகவே தோன்றியிருக்கும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். மாப்பிள்ளைக்குச் சம்மதமாம். ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டிருந்தார், நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பத்துமலை எரிமலைதான் என்று ஒத்துக்கொள்ளவேண்டுமாம். அப்பா கெஞ்சினார். அம்மா அழுதாள்.

"கோப்பிக்கு மன்னிப்புக் கேக்குறேன். மலைக்குக் கேக்கமாட்டேன். போய்ச் சொல்லுங்க" என்றேன்.

மாப்பிள்ளை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். கல்யாணம் நடந்தது, மாமா மட்டும் வரவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் முழுசாக மன்னிப்புக் கேட்பதில்லை. "கோப்பிக்குத்தான், மலைக்கு இல்ல" என்றால் போதும். போன வாரம் என் மகள் என்னிடம் எதிர்த்துப் பேசிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்தினாள். பிறகு வந்து, "கதவைச் சாத்தினதுக்கு மட்டும் மன்னிச்சிருங்கம்மா" என்றாள். அவள் அப்பா பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தேன், எதைச் சொல்லித் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.