பஸ்ஸில் போன பாதயாத்திரை

மனைவி இறந்துபோனால் கணவன் துக்கப்படலாமா, படலாம் என்றால் எந்த அளவுக்கு என்பதைத் தீர்மானிக்கும் மாபெரும் பொறுப்பு திரைப்படத் தணிக்கைக் குழுவிடம் இருந்தது. குழு அந்தப் பொறுப்பை ஏசி அறையில், டீயில் பிஸ்கட்டைத் தோய்த்தபடி நிறைவேற்றி வந்தது.

இயக்குநருக்கு மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகிறது; அன்று விட்ட தாடியை அவர் இன்னும் எடுக்கவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; திரும்பி வரவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல், மலைமேல் இருக்கும் புண்ணியத்தலத்துக்குத் தனியாக நடந்தே போனார். கால் கொப்பளித்தது, மனசு கொஞ்சம் லேசானது. அதையே படமாக எடுத்தார். மனைவியின் தம்பிதான் தயாரிப்பாளர்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூங்கி எழுந்த கண்.

"உருக்கிட்டீங்க," என்றார். "சின்னச் சின்னத் திருத்தம்தான்."

சுகாதாரத் துறை உறுப்பினர் ஆரம்பித்தார். "அந்தம்மா ஆஸ்பத்திரியில செத்ததா வசனம் வருது. எங்க துறையைக் குத்திக் காட்டற மாதிரி இருக்கு."

"சரிங்க, வீட்டுலயே இறந்ததா வெச்சுக்கறேன்."

"அப்ப ஆம்புலன்ஸ் வரலைன்னு ஆயிடுமே?"

"ஆம்புலன்ஸ்ல போகும்போது, வழியில..."

சாலைப் போக்குவரத்துத் துறை அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வழியிலன்னா? எங்க ரோட்டுல என்ன குறை?"

ஆஸ்பத்திரியிலும் சாகக் கூடாது, வீட்டிலும் கூடாது, நடுவிலும் கூடாது. தலைவர் தொண்டையைச் செருமித் தீர்ப்புச் சொன்னார்: "அந்தம்மா சாக வேண்டாம்."

"ஐயா, அவ சாகலைன்னா இவன் எதுக்கு நடக்கறான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றார் அம்மையார். "மலைக்கு அரசு பஸ் ஓடுது. அதை விட்டுட்டு ஒருத்தன் கொப்பளக் காலோட நடந்தா, பஸ் ஒழுங்கா வரலைன்னுதானே அர்த்தம்?"

"இது பாதயாத்திரைங்க!"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கட்டுமே. யாரு வேண்டாம்னா?"

இயக்குநருக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்துவிட்டார். மைத்துனர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, காதோடு கெஞ்சினார்: "மாமா, கோவப்படாதீங்க. அக்காவுக்காக எடுத்த படம். பெட்டியிலயே கிடக்கணுமா?"

அக்கா என்றதும் இயக்குநர் திருத்தப் பட்டியலைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

மறுபடியும் படப்பிடிப்பு நடந்தது. சுவரில் தொங்கும் போட்டோவாக மட்டும் நடித்திருந்த நடிகை, பதவி உயர்வு பெற்று உயிரோடு நடித்தார். கதாநாயகன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்கலங்கினான்.

"எதுக்கு சார் நான் அழறேன்?" என்று கேட்டான்.

"தெரியலப்பா. அழு."

மலை உச்சியில் கடவுளோடு அவன் போட்ட சண்டை, சம்பந்தப்பட்ட துறைகளுக்கு நன்றியுரையாக மாறியது. கடைசிக் காட்சியின் வசனத்தைக் குழுவே எழுதிக் கொடுத்தது. இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்து முடித்தார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. இல்லாத துக்கத்தை இவ்வளவு ஆழமாகச் சொன்ன படம் வேறில்லை என்று விமர்சகர்கள் மெய்சிலிர்த்தார்கள். யாரையும் பறிகொடுக்காதவர்கள்கூடக் கதாநாயகனைப் போலவே தாடி வளர்த்து, கைத்தடி வாங்கி, பஸ் பிடித்து மலைக்குப் போனார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, ஆறுதலடைந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்பினார்கள்.

இயக்குநர் தியேட்டர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தலைவர்தான் விடாப்பிடியாக ஒரு மதியக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். சுற்றிலும் ஜனம் மூக்கைச் சிந்தச் சிந்த, இயக்குநர் கூனிக்குறுகினார். எழுந்து நின்று 'இது என் படம் இல்லை' என்று கத்திவிடலாம் போலிருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள்.

"ஏங்க இவ்வளவு நேரம்? நான் இன்னும் சாப்பிடாம உக்காந்திருக்கேன்."

இயக்குநர் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பாத்தீங்களா?" தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன், சாக வேண்டாம்னு."

இயக்குநர் வெளியே வந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், தாடிக்காரர்களோடு தாடிக்காரராக, அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுக்கும் வரிசையில் போய் நின்றார்.