காற்றில் ஏறிய தேர்

ஊவா மாகாணத்தில் காற்றை நம்பிக் கெட்டவர்கள் பலர் உண்டு. ஆனால் காத்தாடி பாஸைப் போல, தோட்டம் முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு கெட்டவர் வேறு எவரும் இல்லை. அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நான் இருந்தேன். அவர் பெயரை யாராவது சொன்னால் இன்றும் என் காது மடல் சுடுகிறது.

எங்கள் பக்கத்தில் பாஸ் என்றால் முதலாளி அல்ல. ஸ்பானரும் கிரீஸுமாகத் திரியும் மெக்கானிக். ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டுவதற்குக் காற்றடிக்கும் பெரிய விசிறிகள் அவர் பொறுப்பு. உலகத்துக் குறைகளுக்கெல்லாம் காற்றுப் போதாததே காரணம் என்பது அவர் கட்சி. தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாப் புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை என்றதும் அதில் ஒரு விசிறியை மாட்டினார். விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மதிய விருந்துக்குக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் சூப் முடிவதற்குள் எல்லோரும் ஒரே நிறமானார்கள். விளக்கம் சொல்லப் போனவன் நான். தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் என்பவர் அடுத்தவர் செய்ததற்கு விளக்கம் சொல்லச் சம்பளம் வாங்குபவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், மாரியம்மன் திருவிழா நெருங்கும்போது தேரின் அச்சு முறிந்தது. புது அச்சுக்கு மரம் வேண்டும், மரம் வெட்ட அனுமதி வேண்டும், அனுமதிக்கு மேலிடத்தின் சிபாரிசு வேண்டும். நடைமுறை முழுவதும் எனக்குத் தெரியும். அதனால்தான் திருவிழாவுக்குள் நடக்காது என்பதும் தெரிந்தது. கோயில் சபைக்கு நான் செயலாளர். சபை கூடி முழித்துக்கொண்டிருந்தபோது காத்தாடி பாஸ் எழுந்தார்.

"சில்லும் அச்சும் எதுக்குங்க? காத்துல ஏத்தி விடுவோம்."

"தேரு என்ன பட்டமாய்யா?" என்றார் தோட்டத் தலைவர்.

"டிவியில பாத்தேனுங்க. கப்பல் மாதிரி ஒண்ணு. தண்ணியிலயும் போகுது, தரையிலயும் போகுது. அடியில காத்த அடைச்சு அது மேல ஒக்காந்து போகுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன் என்ற கர்வத்தில் ஹோவர்கிராஃப்ட் இயங்கும் விதத்தை விளக்கினேன். அகலமான பலகைக்கு அடியில் விசிறி காற்றைத் தள்ளுகிறது. சுற்றிலும் பாவாடை போலத் தொங்கும் துணி அந்தக் காற்றைச் சட்டென்று தப்பவிடாமல் தடுக்கிறது. அழுத்தம் கொஞ்சம்தான், ஆனால் பலகையின் பரப்புப் பெரிது என்பதால் மொத்தப் பாரத்தையும் தூக்கிவிடுகிறது. விளிம்பில் கசியும் காற்றின் மேல் வண்டி தரையைத் தொடாமல் வழுக்குகிறது; உராய்வு என்பதே கிடையாது. "விஞ்ஞானப்படி சரிதான்" என்று முடித்தேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற ஒரு நடைமுறை இருந்தால் இன்றே பெற்றுக்கொள்வேன்.

"அம்மன் தேருக்குப் பாவாடையா?" என்று பூசாரி முகம் சுளித்தார்.

"நீங்க தினம் கட்டிவிடுறதுதானே சாமி" என்றார் பாஸ்.

தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். "தேரு நின்னுச்சுன்னா கோயில் பக்கம் ஒன்னையப் பாக்கக் கூடாது. லைட்டு வேலையும் இனி கிடையாது."

பாஸின் முகம் மாறியது. குடும்பம் குட்டி இல்லாதவர். திருவிழாவுக்குக் கோயிலைச் சுற்றி வண்ண பல்பு கட்டுவதற்காகத்தான் மீதி மாதங்களைக் கழித்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றார், சின்னக் குரலில்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் சுற்றும் தார்ப்பாய்ப் படங்குகளை இரவல் வாங்கித் தைத்ததில் பாவாடை தயாரானது. தேயிலை உலர்த்தும் டிரையர்களில் கழித்துப் போட்ட ஒன்றின் ஊதுவிசிறி, தேருக்கு அடியில் பொருத்திய பலகையில் ஏறியது. கழித்த பொருளானாலும் வெளியே எடுக்கத் துரையின் கையெழுத்து வேண்டும். நான் அன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருவிழாக் காலையில், தொழிற்சாலை முன்னாலிருந்த சிமெந்துக் களத்தில் விசிறி உறுமியது. படங்கு உப்பியது. தேர் ஒரு விரல் உயரம் எழுந்து நின்று ஆடியது. பெண்கள் குலவையிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தார்கூட வாயைப் பிளந்தார்கள்.

"இழுக்காதீங்க, ஒத்த விரலால தொட்டாப் போதும்" என்று பாஸ் விசிறியருகே நின்று கத்தினாராம். எங்களுக்குத் தெரிந்தது அவர் வாய் அசைந்தது மட்டும்தான்.

வடத்தின் முதல் பிடி செயலாளருக்கு. தேர் இழுப்பது எப்படி என்பது எங்கள் உடம்புக்குப் பழக்கம்: தேரைப் பார்த்து நின்று, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, "ஓம் சக்தி" என்று ஒரே மூச்சு. அப்படியே இழுத்தோம். அவ்வளவு பலமும் போய்ச் சேர இடமில்லை. வரிசை முழுவதும், ஒருவர் மடியில் ஒருவராக, மல்லாந்தோம். வேட்டி கட்டிப் பழகாதவன் நான். விழுந்தபோது அது என்னுடன் இல்லை.

தேர் எங்களை நோக்கி வந்தது. மழைத்தண்ணீர் வழிய அந்தக் களத்துக்குச் சரிவு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாஸ் மறந்திருந்தார். விஞ்ஞானம் பேசிய நானும் மறந்திருந்தேன். இருந்த கோலத்தில் எழுந்து ஓடினோம். தேர் மேல் பூசாரி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "புடிங்கடா, டேய், யாராச்சும் புடிங்கடா" என்றபடி எங்களைக் கடந்து போனார். களத்தின் ஓரத்தில் தண்ணீர் வடியும் கான் ஒன்று வெட்டியிருந்தது. பாவாடையின் முன்பக்கம் அதற்கு மேல் போனதும் காற்று முழுவதும் கானுக்குள் இறங்கிவிட, தேர் பொத்தென்று உட்கார்ந்தது. அம்மனுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்துத் தோட்டத்தார் சிரித்த சிரிப்பு பூனாகலை வரை கேட்டிருக்கும்.

மறுநாள் என்னைக் கண்ட பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். பாஸோ கோயில் பாதையை விட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வேலைக்குப் போனார். அங்கேயும் விடவில்லை. "பாஸண்ணே, படங்கத் திருப்பித் தாங்க. ஊர்வலம் முடிஞ்சிருச்சுல்ல" என்றாள் ஒருத்தி. பழி முழுவதும் அவர் தலையில்தான். சரி என்று சொன்னவன் நான் என்பதை ஒருவரும் நினைவூட்டவில்லை. படித்தவர்களுக்கு இப்படி ஒரு சலுகை உண்டு. வேட்டி போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் கூசியது.

சபை கூடியது. பாஸ் கதவருகே, வெறுங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"பேச ஒண்ணுமில்ல. சொன்னது சொன்னதுதான்" என்றார் தலைவர்.

நான் எழுந்தேன். "சொன்னது என்ன? தேர் நின்னா விலகணும். தேர் நின்னுச்சா?"

"என்னங்க ஐயா இது?"

"நின்னிருந்தா நாம ஏன் ஓடினோம்?"

"கான்கிட்ட நின்னுச்சே."

"அது கான் நிறுத்துனது. இல்லேன்னா இந்நேரம் கொஸ்லந்தையில இருக்கும்."

பூசாரி தொண்டையைச் செருமினார். "நெசந்தாங்க. நான் மேல இருந்தவன். அது நிக்கிற நெனப்புலயே இல்ல."

தலைவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். அது மூக்கு வழியாக வந்துவிட்டது.

அடுத்த திருவிழாவுக்குள் புது அச்சு வந்துவிட்டது. தூறலில் பாஸ் ஏணி மேல் நின்று பல்பு கட்டினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்க ஐயா, நான் பாத்துக்குறேன். ஆளுங்க பாத்துச் சிரிக்கிறாங்க" என்றார்.

சிரித்தார்கள்தான். செயலாளரின் கடமைகள் எனக்கு வரிசையாகத் தெரியும். ஏணி பிடிப்பது அவற்றில் இல்லை. கடைசி பல்பும் எரியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.