இலையைவிடப் பச்சை

ஒரு காட்டில், அதாவது நடுவில் ஜீப் போகப் பாதை போட்ட பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஓர் இடத்தில், வண்ணமுத்து என்றொரு பச்சோந்தி தன் மனைவி பச்சைநாயகியோடு வாழ்ந்து வந்தார். பச்சோந்திக்கு எதற்கு 'ர்' போட்டு மரியாதை என்று கேட்காதீர்கள். நிறம் மாறுகிறவர்களை மரியாதையோடு பேசித்தான் நமக்குப் பழக்கம். பச்சைநாயகி மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறவள், அதனால் அவளுக்கு வெறும் 'ள்' தான்.

பச்சோந்தி எப்படி நிறம் மாறுகிறது என்று உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் அந்தக் காலம். பச்சோந்திக்கு ஒரு கண் கிழக்கே பார்த்தால் மறுகண் மேற்கே பார்க்கும். வலது கண் இளம்பச்சை என்னும், இடது கண் இல்லை, கரும்பச்சை என்னும். எந்தக் கண்ணை நம்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வம்சத்தில் பாதிப்பேர் பருந்து வாயில் போனார்கள். டேப்லெட் வந்த பிறகுதான் இந்தத் தகராறு தீர்ந்தது. உட்காரப் போகும் கிளையில் ஓர் இலைக்கு நேரே டேப்லெட்டைப் பிடித்து, கேமராவைப் போட்டு, திரையில் என்ன தெரிகிறதோ அதையே முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். இலையை நேராகப் பார்ப்பது விவரம் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்றாகிவிட்டது.

வண்ணமுத்துவின் டேப்லெட் அரதப் பழசு. திரை வெளுத்து, ஒரு பக்கம் மஞ்சள் பூத்துப்போயிருந்தது. ஒருமுறை மரத்திலிருந்து கீழே விழுந்ததில் மூலைக்கு மூலை ஒரு விரிசல். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி வேறு. இவை எல்லாம் ஒன்று விடாமல் அவர் முதுகுக்கும் வந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜீப் கிளப்பிவிடும் புழுதியில் அந்தக் காட்டு இலைகள் எல்லாம் வெளுத்துத்தான் கிடந்தன. விரிசல் இலை நரம்பாகத் தெரிந்தது, கறுப்புப் புள்ளி பூச்சி அரித்த ஓட்டையாகத் தெரிந்தது. வண்ணமுத்துவைப் போல அச்சு அசலாக இலையாகத் தெரிந்த பச்சோந்தி அந்தக் காட்டிலேயே கிடையாது. பச்சைநாயகியே அவர்மேல் ஏறி நடந்துபோய், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டு.

இவ்வளவு பெரிய பாக்கியம் தனக்கு இருப்பது வண்ணமுத்துவுக்குத் தெரியாது. முதுகில் கோடு விழுகிறதே என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார்.

வனத்துறை செக்போஸ்ட்டை ஒட்டிய மரப்பொந்தில் தாண்டவராயன் என்ற குரங்கு டேப்லெட் கடை வைத்திருந்தான். ஒருநாள் திரைக்குக் காப்பாக ஒரு ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று வண்ணமுத்து அங்கே போனார். தாண்டவராயன் பழைய டேப்லெட்டை வாங்கிப் பார்த்தான். பிறகு வண்ணமுத்துவின் முதுகைப் பார்த்தான். துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, இதை வச்சிக்கிட்டா இத்தனை நாளும் உசுரோட இருக்கீய?"

வண்ணமுத்து ஒரு கண்ணைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டார். "ஏன் தம்பி, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"இங்கன பாருங்க." தாண்டவராயன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு புது டேப்லெட்டை எடுத்தான். அதில் அருவி ஒன்று கொட்டியது. வண்ணமுத்து நனைந்துவிடுவோமோ என்று ஒதுங்கி நின்றார். அருவியின் மேல் ஒரு குரல் கணீரென்று பேசியது: "அருவி பார்த்த அழகிய கூடுகள்! பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்! முந்துங்கள், சலுகை இன்னும் சில நாட்களுக்கே!"

"விளம்பரம், அண்ணாச்சி. வலது மூலையில தட்டினாப் போயிரும். டிஸ்ப்ளேயப் பாருங்க. கோடிக்கணக்கான நிறம். கறுப்புன்னா அப்படியொரு கறுப்பு. நொடிக்கு நூத்திருவது தடவ படம் புதுசாகும்."

ஒரு காலைத் தூக்கி வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடி ஆடி, ஒரு கிளையைக் கடக்கவே காலைப் பொழுதைச் செலவழிக்கிற ஜீவன் வண்ணமுத்து. நொடிக்கு நூற்றிருபது அவருக்கு எதற்கு? ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டதும், இத்தனை நாளும் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று மலைத்துப்போனார்.

"நம்ம வானமாமலை அண்ணாச்சி போன மழைக்கே வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றான் தாண்டவராயன்.

"எந்த வானமாமலை? பருந்தா?"

"அவருதான். உக்காந்த எடத்துல வீடியோதான். நடுநடுவுல விளம்பரம் வருதுன்னு மட்டும் ஒரே பொலம்பல். மத்தபடி டிஸ்ப்ளே கண்ணாடின்னா கண்ணாடி. அவரு கண்ணு எவ்வளவு கூர்மைன்னு ஒங்களுக்குத் தெரியும். அவரு அதுலயும் ஒரு படி மேல போயிட்டாரு, நீங்க இன்னும் விரிசலக் கட்டிக்கிட்டு அழுவுதீய."

வண்ணமுத்துவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேச்சை ஆரம்பித்தார். "ஏ பிள்ள, இந்தப் பழைய டேப்லெட்டு இனிமே கேக்காது போலுக்கு. பவர் கூடினது வேணும்."

பச்சைநாயகி பதறிப்போனாள். "அய்யோ, டாக்டரா சொன்னாரு? சோத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"மாத்திரை இல்ல பிள்ள. இந்த டேப்லெட்டு."

"இதுவா? இதுக்கு என்ன கொறச்சல்? இலை இலை மாதிரிதான தெரியுது!"

"அது உனக்குப் புரியாது. நொடிக்கு நூத்திருவது தடவ புதுசாகுமாம்."

"இலை பழுத்து விழுறதுக்கே ஒரு வருசம் ஆகுது. அது எதுக்கு நொடிக்கு நொடி புதுசாகணும்?"

மனைவி கேட்பது நியாயமாக இருந்தால் கணவர்கள் என்ன செய்வார்களோ, வண்ணமுத்துவும் அதைச் செய்தார். மறுநாளே போய் வாங்கி வந்துவிட்டார்.

அதற்குக் கைமாறாகத் தாண்டவராயன் கேட்டது ஒரே ஒரு கிளை. செக்போஸ்ட் விளக்கை ஒட்டினாற்போல் நீண்டிருக்கும் அந்தக் கிளையில்தான் வண்ணமுத்துவும் பச்சைநாயகியும் சாப்பிட்டு வந்தார்கள். விளக்குக்கு வருகிற பூச்சிகளுக்குக் கணக்கே கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து நாக்கை நீட்டினால் போதும். மேலே செக்போஸ்ட்டின் கூரை நீண்டிருப்பதால் பருந்துப் பயமும் இல்லை. தாண்டவராயனுக்குப் பூச்சி வேண்டாம். அங்கிருந்து ஒரே தாவலில் செக்போஸ்ட்டுக்காரர்களின் சாப்பாட்டு ஜன்னலுக்குப் போய்விடலாம் என்பது அவன் கணக்கு.

செய்தி தெரிந்ததும் பச்சைநாயகி சிவந்தாள். பச்சோந்தி சிவந்தாள் என்றால் உண்மையாகவே சிவந்தாள் என்று அர்த்தம். "சோறு போட்ட கிளையக் குடுத்துட்டு வந்து நிக்கீய! இனி எங்கன போயி திங்க?"

"பாதையோரப் புங்கமரத்துல பூச்சி உண்டு, பிள்ள."

"பருந்தும் உண்டு!"

"அதுக்குத்தான இதை வாங்கியிருக்கேன்" என்றார் வண்ணமுத்து. நம்பித்தான் சொன்னார், பாவம்.

புங்கமரத்துக்குப் போய், வாலால் புது டேப்லெட்டைச் சுற்றிப் பிடித்து, ஓர் இலைக்கு நேரே காட்டினார். அந்த டேப்லெட் ரொம்பக் கெட்டிக்காரச் சாமான். புழுதியைத் தானே துடைத்துவிட்டது. ஓட்டையை அடைத்தது. மழை பெய்து ஓய்ந்த நிமிஷத்தில் இந்த இலை எப்படி இருந்திருக்குமோ, அதையும் தாண்டி ஒரு பச்சையைக் காட்டியது. அந்தப் பச்சை எந்த மரத்திலும் முளைத்ததில்லை. வண்ணமுத்து அதைத் துளி பிசகாமல் முதுகில் ஏற்றிக்கொண்டார். வெளுத்துப்போன மரத்தின் நடுவில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி அவர் ஒருவர் மட்டும் ஜொலித்தார்.

"எப்படி?" என்றார் பெருமையோடு.

"நெத்தியில பேரும் எழுதி ஒட்டிக்கிடுங்க. பருந்துக்குச் சிரமம் இருக்காது" என்றாள் பச்சைநாயகி. அவள் பழைய டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மஞ்சள் பூத்து, விரிசல் விட்டு, ஓட்டையும் வைத்துக்கொண்டு வேறொரு கிளையில் போய் உட்கார்ந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் அவளைக் காணோம்.

ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மனுஷன் மினுமினுவென்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலும் பயமும் கலந்து வந்தது. எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடி நிறத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று கிளை மாறி, அவரை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

எதிரே பட்டுப்போன மரத்தின் உச்சியில் வானமாமலை உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜ் தீர்ந்தால்தான் வானமாமலைக்குப் பசி ஞாபகம் வரும். தலையை நிமிர்த்திக் காட்டைப் பார்த்தார். புங்கமரத்தில் ஒரு காய்ந்த இலை நடந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநொடி புங்கமரக் கிளை அதிர்ந்தது. வானமாமலை வந்து உட்கார்ந்துவிட்டார். பச்சைநாயகி தூக்கிய காலைத் தூக்கினபடியே நின்றாள்.

"நரம்பு இருக்கு. ஓட்டை இருக்கு. புழுதியும் இருக்கு" என்று வானமாமலை அவளைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் சரிதான். இலைக்கு முழி எதுக்கு?"

வண்ணமுத்து அதைப் பார்த்துவிட்டார். சோற்றுக் கிளையைக் கொடுத்தது நான். இங்கே கூட்டி வந்தது நான். எனக்குப் புத்தி சொல்ல வந்துதான் இவள் மாட்டிக்கொண்டாள். ஓடலாம் என்றால் ஓடத் தெரியாது. சண்டை போடலாம் என்றால் அதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. வால் நுனியால் திரையில் வெளிச்சத்தைக் கூட்டும் கோட்டைத் தொட்டு, கடைசி வரை இழுத்துவிட்டார்.

அவர் முதுகு பளீரென்று எரிந்தது. வானமாமலை திடுக்கிட்டுத் திரும்பினார். என்னையே தின்னட்டும், அவள் தப்பினால் போதும் என்று வண்ணமுத்து கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பயத்தில் நாக்கு குழறி, கடையில் கேட்டது அப்படியே வெளியே வந்தது.

"அருவி பார்த்த அழகிய கூடுகள்! பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்!"

"சை! இங்கயுமா?" என்றார் வானமாமலை. சட்டென்று வலது மூலையில், அதாவது வண்ணமுத்துவின் தலைக்குச் சற்று மேலே, வெறும் காற்றில் ஒரு கொத்து கொத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கொத்து.

வண்ணமுத்து ஒரு கண்ணைத் திறந்தார். என்ன நடக்கிறது என்று அந்தக் கண் பார்த்துக்கொண்டது. "முந்துங்கள்! சலுகை இன்னும் சில நாட்களுக்கே!" என்று குரலை உயர்த்தினார். பச்சைநாயகி தூக்கிய காலை மெல்ல இறக்கி, அவர் முதுகுக்குப் பின்னால் நழுவினாள்.

"பின்னால ஒரு இலை நின்னுச்சே" என்று வானமாமலை எட்டிப் பார்த்தார். வண்ணமுத்து அந்தப் பக்கம் சாய்ந்தார். வானமாமலை இந்தப் பக்கம் எட்டினார். விளம்பரமும் இந்தப் பக்கம் வந்தது. சரி, முடியட்டும் என்று காத்துப் பார்த்தார். வண்ணமுத்து முடிப்பாரா? தெரிந்தது தீர்ந்ததும் சொந்தமாகச் சேர்க்கத் தொடங்கினார். "இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்! வாஸ்து பார்த்துக் கட்டியது! பள்ளிக்கூடம் பக்கத்திலேயே!"

"இது போகாது போலுக்கு. இந்தக் காட்டுல நெட்டே சரியில்ல" என்று அலுத்துக்கொண்டு வானமாமலை பறந்துபோனார். ஜீப்பில் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன தயிர்சாதப் பொட்டலத்தை அன்றைக்கு அவர் கொத்தித் தின்றதாகச் சொல்வார்கள்.

பச்சைநாயகி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பழசே போதும் என்று அன்றைக்கே சொன்னேனே, கேட்டீர்களா என்றுதான் ஆரம்பிக்கப் போகிறாள் என்று வண்ணமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏங்க" என்றாள் பச்சைநாயகி. "அந்தக் கூட்டுல நெசமாவே இருவத்துநாலு மணி நேரமும் தண்ணி வருமா?"

அதற்குள் மேல்கிளையிலிருந்து தாண்டவராயன் தொப்பென்று குதித்தான். நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த முகம். "அண்ணாச்சி, ஒங்க முதுகு சும்மாதான கெடக்கு? நம்ம கடை பேரை அதுல போட்டுக்கிடலாமா? வெளக்குக் கிளையத் திருப்பித் தந்துருதேன். அக்காவுக்கும் ஒரு புது டேப்லெட்டு."

வண்ணமுத்து ஒரு கண்ணால் மனைவியைப் பார்த்தார், மறுகண்ணால் தாண்டவராயனைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு கண்ணும் ஒரே பதிலைச் சொன்னது.

இப்போது அந்தக் காட்டில் வண்ணமுத்துவின் முதுகில் டேப்லெட் கடை, பச்சைநாயகியின் முதுகில் அருவிக் கூடுகள். அவர்கள் சொந்தக்காரர்கள் முதுகில் பிரியாணிக் கடையும் டியூஷன் சென்டரும் எரிகின்றன. எல்லோரும் கொழுகொழுவென்று சௌக்கியமாக இருக்கிறார்கள். விரிசல் விட்ட பழைய டேப்லெட் பூச்சி வறுக்கிற சட்டிக்கு மூடியாகிவிட்டது. இலையைப் போலவே இருந்து வந்த அப்பாவி வெட்டுக்கிளிகளைத்தான் வானமாமலை இப்போது தேடித் தேடிப் பிடிக்கிறார்.

நீதி: ஒளிந்திருப்பவனை என்றைக்காவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். விளம்பரமாகிவிட்டவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே, உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் டிஸ்ப்ளேயில் சிக்கனம் பார்க்கக் கூடாது.