மாமனாரின் கழுத்துக் காந்தம்

அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் ஒரு கருவியைக் கொடுக்கவே கூடாது. ஒன்றும் தெரியாதவன் பயந்துபோய்த் தொடாமலாவது இருப்பான். எண்பதுகளில் நான் அரைகுறை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பை ஆறே மாதத்தில் விட்டுவிட்டு ஜவ்வாது மலைக்கே திரும்பியவன்.

புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்த என் மாமனாருக்கு வேலூரில் கழுத்தெலும்பு ஆபரேஷன் நடந்தது. உள்ளே வைத்த எலும்பு ஒட்டவில்லை. டாக்டர் ஒரு வளையத்தையும் பேட்டரிப் பெட்டியையும் கொடுத்தார்.

"தினம் நாலு மணி நேரம் கழுத்துல மாட்டுங்க. காந்த சக்தி எலும்பைத் தூண்டிவிடும். அடுத்த எக்ஸ்ரேயிலயும் ஒட்டலைன்னா மறுபடி ஆபரேஷன்தான்" என்றார். பெட்டிக்குப் பொறுப்பு நான் (மாப்பிள்ளை கரண்டு படித்தவராயிற்றே!).

எங்கள் மலையில் தேன் எடுத்தாலும் பலா அறுத்தாலும் எல்லா வீட்டுக்கும் பங்கு உண்டு. நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, எலும்புக்குத்தான இது? என் முட்டியும் எலும்புதான?"

பட்டை போட்ட கழுத்தை ஆட்ட முடியாத மாமா, கண்ணாலேயே "குடு" என்றார்.

மறுநாளிலிருந்து நான் முறை வைத்துவிட்டேன். முட்டி, இடுப்பு, முதுகு என்று வரிசை நின்றது. எங்கள் ஊரில் கரண்டு இல்லாததால், பெட்டியைக் காவலூருக்குப் பஸ்ஸில் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றி வந்ததும் நான்தான். ஊரே என்னை டாக்டர் என்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கால் ஒடிந்த உழவு மாட்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். மாமாவுக்கு மிஞ்சியது அரைமணி.

பெட்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று அதில் இருப்பதே எக்ஸ்ரே நாளன்றுதான் எனக்குத் தெரிந்தது. "சொன்னதுக்கு மேலயே போட்டிருக்கீங்களே" என்று பாராட்டிய டாக்டர், படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

"ஒட்டவே இல்லை. மறுபடி ஆபரேஷன்தான்."

எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன், மாடு உட்பட. மாமா மெதுவாகக் கேட்டார்:

"மாட்டுக்கு ஒட்டிக்கிச்சிங்க சார். அப்ப மெஷினு நல்லாத்தான் இருக்குது. எனக்கு இன்னொரு வாட்டி குடுங்க."

டாக்டர் திரும்பி நின்று சிரித்தார். மூன்று மாதம் தவணை கொடுத்தார். இம்முறை பெட்டி என் மனைவியின் பொறுப்பு. வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாள், வளையத்தைக் கொடுக்கவில்லை. எலும்பு ஒட்டிவிட்டது. படத்தைப் பார்த்து நான் அழுதேன், மாமா அழவில்லை.

மாமா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. மனசு அவரை இன்னும் தேடுகிறது. எனக்கோ பிரஷர் வந்துவிட்டது. வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருக்கும்போதுதான் என் மனைவி மாத்திரையை நீட்டுவாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"இது உங்களுக்கு மட்டுந்தாங்க. மாட்டுக்குத் தனியா வாங்கிக்கலாம்."