வண்டிச் சத்தம் தொடர்பாக மைத்துனர் ஸ்டாமெனுக்கு

கோர்னா லுக்கா,
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஸ்டாமென் அவர்களுக்கு,

மலைமேலிருந்து வெலிச்கோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா தோன்காவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கீழே ப்ளோவ்டிவில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரி கிங்காவும் கல்யாணப் பெண் ரலித்சாவும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று புனித நிக்கோலாவை வேண்டிக்கொள்கிறேன். இந்த வருடம் தக்காளி பரவாயில்லை. மிளகாய் சுட்டு உரித்தாயிற்று. மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி வண்டி விஷயம்.

நீங்கள் என் தலையில் கட்டிய பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி சத்தம் போடுகிறது. எல்லா வண்டியும் போடுகிற சத்தம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் கிளாரினெட் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். என் காதை ஏமாற்ற முடியாது. மேட்டில் ஏறினால் ‘டொக்’. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக், டொடொக்’. வளைவு வந்தால் பின்னால் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல ஒரு தட்டு. முதல் நாள் நான் வண்டியை ஓரம்கட்டி, “யாரு?” என்று கேட்டே விட்டேன். அன்றிலிருந்து உங்கள் அக்கா என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.

மெக்கானிக் போகோயிடம் காட்டினேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “வாத்தியாரே, இது டிஃபரென்ஷியல். பின் அச்சு நடுவுல உருண்டையா ஒண்ணு தொங்குது பாருங்க, அதுக்குள்ள பல்லு போச்சு.” திறந்து பார்த்தால் உள்ளே பல்லெல்லாம் என் பல்லை விட நன்றாக இருந்தது. “அப்ப பேரிங்குதான், நான் முதல்லயே நினைச்சேன்” என்றான். பேரிங்கை மாற்றினான். டொக். காபிக்கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு உறுப்பைச் சொன்னார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டியதில் ஹார்ன் மட்டும் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அதுவும் ஒரு சத்தம்தானே, குறைந்தது என்று போகோய் ஆறுதல் சொன்னான்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டு நான் குடித்திருக்கிறேன் என்று நினைக்காதே. எங்கள் பாதிரியார் ஹரலாம்பியை உனக்குத் தெரியும், கதவில் நுழைந்தால் கதவு தெரியாத உடம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கோயிலிலும் அவர்தான் பூசை வைக்க வேண்டும். அந்தப் பாதையில் ஃபோர்வீல் தவிர வேறு எதுவும் ஏறாது. அதனால் நான்தான் கொண்டுபோய்விட்டுக் கூட்டி வருகிறேன். தோன்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும், அவள் முன்னால், ஃபாதர் பின்னால். அவர் ஏறி உட்கார்ந்தார், ஸ்டாமென், சத்தம் நின்றுவிட்டது! மேட்டிலும் இல்லை, பள்ளத்திலும் இல்லை. போக வர மாதாவின் கிருபை மாதிரி ஒரு அமைதி. அவரை வீட்டில் இறக்கிவிட்டேன், அடுத்த வளைவிலேயே டொக்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதி ஊர் இது அற்புதம் என்றது. ஃபாதரும் மறுக்கவில்லை, தாடியைத் தடவிக்கொண்டு, “நான் யாருப்பா, எல்லாம் அவன் செயல்” என்றார். போகோய் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அற்புதமாவது ஒண்ணாவது! எடை, வாத்தியாரே, எடை! ஆள் கனத்துல ஸ்பிரிங் அமுங்குது, ஆட்டம் நிக்குது.” ஃபாதர் எடைக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பின்சீட்டில் ஏற்றி ஓட்டினோம். டொக். அசையாத எடை வேறு, மனித எடை வேறு என்று போகோய் சொன்னதால், ஊரிலேயே ஃபாதரை விடக் கனமான ஒரே மனிதரான மேயர் கிராஷேவைக் கூப்பிட்டோம். தேர்தல் நெருங்குவதால் அவரும் சிரித்தபடி ஏறினார். டொக்கு டொக்கென்று ஊரே வாசலுக்கு வரும்படி அடித்தது! “பாவத்தோட எடை தாங்கலை” என்று யாரோ கத்தினார்கள். மேயர் இறங்கி, “கோளாறு வண்டியில இல்ல, ரோட்டுலதான்” என்றார். அந்த ரோட்டைப் போட்டவர் அவர்தான் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வந்தது.

இன்னொன்று. ஒவ்வொரு ஞாயிறு கழிந்ததும் அந்தச் சத்தத்தின் சுருதி கொஞ்சம் ஏறுகிறது. முதலில் தாழ்ந்த டொக்காக இருந்தது, இப்போது ‘டிங்’குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. போகோயிடம் சொன்னேன். “தேய்மானம்! தேயத் தேய சுருதி ஏறும். உச்சத்துக்குப் போனா அச்சு முறிஞ்சிடும்” என்றான். தோன்கா அன்றே இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

உன் யோக்கியதைக்கு வருகிறேன். போன வாரம் நீ போன் செய்து என்ன கேட்டாய்? “மச்சான், வண்டி எப்படி ஓடுது? நான் ஒரு நாள் வந்து பின்சீட்டை மட்டும் கழட்டிப் பாத்துட்டுப் போறேனே.” பின்சீட்டு என்று நான் சொல்லவே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்? நேற்று மறுபடியும் கூப்பிட்டு, “பேசாம வண்டியை நானே திருப்பி எடுத்துக்கிறேன் மச்சான்” என்று குழைந்தாய். குற்றமுள்ளவன் பேசுகிற பேச்சு அது. கோளாறு தெரிந்தே சொந்த அக்காளை மலை உச்சியில் இந்த வண்டியில் ஏற்றிவிட்டவன் நீ!

ஆகவே, வருகிற ஞாயிறு ரலித்சாவின் கல்யாணத்துக்கு நாங்கள் வரப்போவதில்லை. பஸ்ஸை மேயர் நிறுத்திவிட்டார். தோன்கா, “என் தம்பி பொண்ணு கல்யாணம், நான் நடந்தாவது போவேன்” என்று காலையிலிருந்து அழுகிறாள். அந்தக் கண்ணீர் உன் கணக்கில்தான். நமக்குள் இருந்த உறவு இந்தக் கடிதத்தோடு முறிந்தது.

மணமக்கள் ஒரே தலையணையில் முதுமை அடையட்டும். வீட்டில் உப்பும் ரொட்டியும் குறையாதிருக்கட்டும். கிங்காவுக்கு என் வணக்கம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
முன்னாள் மச்சான்
வெலிச்கோ

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது தோன்கா கூப்பிட்டாள். நடந்து போவதற்கு முன் வண்டியில் கிடந்த தன் சால்வையை எடுக்கப் போனவள், அது பின்சீட்டு இடுக்கில் மாட்டியிருக்கவே சீட்டையே பிடுங்கிவிட்டாள். அடியில் ஒரு பெரிய கண்ணாடி பாட்டில். உள்ளே ராக்கியா சாராயம். வாயில் சிவப்பு மெழுகு உடைந்து பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மெழுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இது அப்பாவோட கட்டைவிரல் தடங்க. ரலித்சா பொறந்த அன்னிக்கு அவ கல்யாணத்துக்குன்னு அப்பா காய்ச்சி முத்திரை வெச்சது. கிங்காவோட குடிகார அண்ணனுங்க கையில சிக்காம தம்பி இதுல ஒளிச்சிருக்கான்.” நான் ஃபாதர் வீட்டுக்கு ஓடினேன். “சீட்டு இடுக்குல கைக்குத் தட்டுப்பட்டுது. பாதை கரடுமுரடு வெலிச்கோ, கண்ணாடி சாமான் உடைஞ்சிடக் கூடாதேன்னு மடியில வெச்சுப் பிடிச்சுக்கிட்டேன்” என்றார். அப்படியானால் மெழுகு? “அது தானாத் தளர்ந்திருந்துச்சு.” பாட்டில் காலியாகக் காலியாகத்தான் சுருதி ஏறியிருக்கிறது! ஸ்டாமென், என் தங்கமே, மேலே எழுதியதையெல்லாம் படிக்காதே, அல்லது படித்து மறந்துவிடு. ஞாயிறு காலை நாங்கள் வருகிறோம். பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கிறது, மணமக்கள் உதட்டை நனைக்கப் போதும். அதுவாவது சிந்தாமல் வந்து சேர வேண்டும் என்று ஃபாதரும் ஞாயிறு பூசையைக்கூட விட்டுவிட்டுக் கூடவே வருகிறார். மடியில் வைத்துக்கொள்கிறாராம்.