உப்பு ஐஸில் போன என் இரத்தம்

பயப்படுகிறவர்களுக்கு என்று ஒரு போட்டி வைத்திருந்தால் உலகத்திலேயே முதற்பரிசு எங்கள் ஐஸ்பெட்டி அண்ணைக்குத்தான். என்ன, வாங்க வந்திருக்க மாட்டார். கூட்டம் கூடினால் ஆமியின் சுற்றிவளைப்பு வரும் என்று வீட்டுக்குள் படுத்திருப்பார்.

மன்னாரில் எங்கள் மீனவர் சங்கத்தின் மீன் லொறிக்கு அவர் சாரதி. நான் அங்கே கிளாக்கர். யுத்தத்தின் கடைசிக் கட்டம். ஆள் ஆறடி, முறுக்கு மீசை, ஒரு பெரிய சுறாவைத் தனியாகத் தூக்கி லொறியில் போடுவார். அந்த உடம்பு முழுக்கப் பயம். அடையாள அட்டையை, அதுதான் ஐசியை, பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் கட்டியிருப்பார், குளிக்கும்போதும் கழற்றியதில்லை. “இந்த மனுசன் தாலி கட்டுனது எனக்கா ஐசிக்கான்னு தெரியல” என்று அவருடைய மனைவி நறுவிலிக்குளம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆள் சைவ சமயம். ஆனால் சட்டைப்பையில் திருநீறு, செபமாலை, சிலாவத்துறை முஸ்லிம் நானா ஒருவர் ஓதிக் கொடுத்த தாயத்து, மூன்றும் இருக்கும். வழியில் எந்த மாதா கோயிலைக் கண்டாலும் சிலுவை போடுவார். மன்னாரில் மாதா கோயிலுக்குக் குறைவா? லொறி பாதி வழி தன்பாட்டிலேயே ஓடியது.

பெயர் வந்த கதையைக் கேளுங்கள். ஒருநாள் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் நிலத்தில் படுத்தோம். இவர் மீன் வாடியில் கிடந்த பெரிய ஐஸ்பெட்டிக்குள் பாய்ந்து மூடியை இழுத்துவிட்டார். சத்தம் ஓய்ந்தது, வேலை தொடங்கியது, பையன்கள் மூடியை அரைவாசி திறந்து உடைத்த ஐஸைச் சவளால் அள்ளிக் கொட்டினார்கள். மனுசன் மூச்சு விடவில்லை. வந்தது ஆமி என்று நினைத்துக்கொண்டாராம். அதற்குமேல் பாரை மீனை அடுக்கும்போதுதான் ஒரு மீசை தெரிந்தது.

இன்னொருநாள் ஆளில்லாத ஒரு சோதனைச்சாவடி. வேறு சாரதிகள் என்றால் நேரே போய்விடுவார்கள். இவர் லொறியை நிறுத்தி, இறங்கி, கையை உயர்த்திக்கொண்டு வெயிலில் நின்றார். கடைசியில் ஒரு நாய் வந்து காலை மோந்து பார்த்தது. அது போன பிறகுதான் கையை இறக்கினார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

ஆனால் அவர் சும்மா பயப்படவில்லை. பிறந்தது மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கலவரத்தில் லயம் எரிய, இங்கே வந்து சேர்ந்தவர். அவருடைய அப்பாவையும் ஒரே தம்பியையும் ‘உங்கட ஊர் இந்தியா’ என்று சொல்லித் தலைமன்னாரில் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். இவர் கரையில் நின்று பார்த்தவர். அதன்பிறகு யாராவது “ஊர் எது?” என்று கேட்டால் கால் நடுங்கும். சாதாரண நாளில் எங்களைப்போல “வாறன், போறன்” என்று பேசுவார். பயம் வந்தால் மலைநாட்டுப் பேச்சு தானாக வந்துவிடும். அவர் எந்த அளவு பயந்திருக்கிறார் என்பதை அதை வைத்தே நாங்கள் கண்டுபிடிப்போம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குக் களைப்பு, இரவில் வியர்வை, இடது பக்க வயிற்றில் கல்லை வைத்ததுபோல ஒரு பாரம். இரத்தம் சோதித்தார்கள். வெள்ளையணு எக்கச்சக்கம். அந்த நாட்களில் எங்களுக்கு ஆள் கடத்துகிற வெள்ளை வானைக் கண்டால் பயம். எனக்கு வெள்ளையணுவும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. பொறுமையாகச் சொன்னார்.

“பயப்பிடாதேங்கோ. இது இரத்தப் புற்றுநோயாய் இருக்கலாம். உங்கட எலும்பு மச்சைக்குள்ளை ஒரே ஒரு செல்லிலை பிழை நடந்திருக்கும். ரெண்டு குரோமோசோம் உடைஞ்சு, துண்டுகளை மாத்தி ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு வெள்ளையணுவும் அந்த ஒண்டின்ர பிள்ளையள்தான். அந்த ஒட்டு இருக்கோ எண்டு மூலக்கூறுச் சோதனை செய்து பாக்கவேணும். இருந்தால் அதுக்கெண்டே ஒரு மருந்துக் குளிசை இருக்கு.”

“இல்லாட்டி?”

“அதைப் பிறகு கதைப்பம்.”

இந்த ‘பிறகு கதைப்பம்’ என்பதைப்போல ஒரு கொடுமையான வார்த்தை தமிழில் இல்லை. சோதனை கொழும்பில்தான். நான் மன்னார் இளைஞன், வெளியே போக ஆமி தரும் பாஸ் எனக்குக் கிடைக்காது. மீனுக்குப் பாஸ் இருந்தது. என்னுடைய சங்கத்துச் சூடை மீனெல்லாம் கொழும்பு போய்வர, நான் மட்டும் மன்னார்த் தீவுக்குள் கிடந்தேன். ஆகவே என் இரத்தம் மீனோடு போவது என்று முடிவாயிற்று. சோதனை முடிவு வந்தால் வைத்தியத்துக்கு என்று எனக்கும் பாஸ் எடுக்கலாம்.

ஐஸ்பெட்டி அண்ணையைக் கூப்பிட்டோம். ஊதா மூடி போட்ட சின்னப் போத்தலைக் கண்டதுமே முகம் வெளிறிவிட்டது.

“கிளாக்கர் தம்பி, அந்தக் கொழும்பு மெசினு ரத்தத்தப் பாத்து ஆளோட பூர்வீகத்தச் சொல்லுமாங்க?”

“நோய் எங்கை துவங்கினது எண்டு சொல்லும், அண்ணை.”

“அப்ப என்னைய மட்டும் ஊசியால குத்தி எடுத்துறாதீங்க. என்னையும் கப்பல் ஏத்திருவாங்க.”

டொக்டர் அவரிடம் தெளிவாகச் சொன்னார்: குளிராக இருக்கவேண்டும், உறையக்கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். லொறி மதவாச்சிப் பக்கத்துச் சாவடி வரிசையில் வெயிலில் நின்றபோது பயம் பிடித்துக்கொண்டது. ஐஸ் கரைகிறது, கிளாக்கர் தம்பியின் இரத்தம் பழுதாகப் போகிறது! மீன்காரனுக்கு இதற்கு ஒரே மருந்துதான் தெரியும். இரண்டு கை உப்பை அள்ளி ஐஸில் போட்டார். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் ஏறி அறுக்குளா மீன் கல்லாக இறுகும். என் இரத்தமும் கல்லாக இறுகியது.

உறைந்ததில் அணுக்கள் எல்லாம் வெடித்துவிட்டன, சோதிக்க முடியாது என்று கொழும்பிலிருந்து போன் வந்தது. எனக்குள்ளே அந்த ஒரு செல்லின் பிள்ளைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, கொழும்புப் பாதையை ஆமி எப்போது பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. செத்துப்போவேன் என்ற பயம் அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு வந்தது.

சாரதியைக் காணவில்லை. வீட்டில் இல்லை, லொறியில் இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. வாடிக்குப் போய்ப் பெரிய ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்.

“வெளியாலை வாங்கோ அண்ணை.”

“ஐயோ சாமி, நான் ஒங்களக் கொன்னுட்டேனுங்க! என்னையப் போலீசுல குடுத்துருங்க.”

ஏசத்தான் போனேன். அந்த மலைநாட்டுப் பேச்சைக் கேட்டதும் ஏச வாய் வரவில்லை. “திருப்பி இரத்தம் எடுப்பினம். நீங்கள்தான் கொண்டுபோறியள்” என்றேன். வேறு ஆளும் இல்லை, வேறு லொறியும் இல்லை.

இரண்டாம் தடவை அவர் உப்புப் பக்கமே திரும்பவில்லை. சூடு ஏறாத சின்ன ரெஜிபோம் பெட்டி, அடியில் ஐஸ், அதற்குமேல் மனைவியின் பழைய சீலை மடித்து மடித்து, அதற்குள் போத்தல். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லொறி ஓட்டினார். அடிக்கடி மூடியைத் திறந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்த்தாராம். சாவடியில் என்ன நடந்தது என்பதை வரிசையில் பின்னால் லொறியோடு நின்ற சிலாவத்துறை நானாதான் வந்து எனக்குச் சொன்னார். அதே தாயத்துக்கார நானா.

“அல்லாவே, அதைக் கேக்காதீங்க கிளாக்கர். பெட்டியைத் திறந்த ஆமிக்காரன் ரத்தத்தைக் கண்டதும் துவக்கைத் தூக்கிட்டான். காயப்பட்ட புலிக்கு மருந்து எடுக்கக் கொண்டுபோறியா எண்டு கேக்கிறான். நம்ம ஐஸ்பெட்டி இப்ப மயங்கி விழுவார் எண்டு நான் பிடிக்கப் போனன். விழயில்லை. ‘மாத்தயா, இது என் தம்பியின்ர ரத்தம்’ எண்டு சிங்களத்திலை ஐயா போட்டுச் சொல்றார்.”

ஆமிக்காரன் விடவில்லை. கழுத்தில் தொங்கிய ஐசியில் தோட்டத்து ஊர், தோட்டத்துப் பெயர். போத்தலில் ஒட்டியிருந்ததோ என் பெயர், பேசாலைக் கத்தோலிக்கப் பெயர். நீ எந்த ஊர், இவன் எந்த ஊர், எப்படித் தம்பி என்று கேட்டான். வாழ்நாள் முழுக்க அவரை நடுங்கவைத்த அதே கேள்வி. அவர் சொன்னாராம்: “எங்கை துவங்கினது எண்டு தெரியாமல்தான், மாத்தயா, கொழும்புக்குக் கொண்டுபோறன். அவங்கள் பாத்துச் சொல்லுவாங்கள்.”

பெரிய அதிகாரி வரும்வரை பெட்டியை வெயிலில் வை என்றான் ஆமிக்காரன். நாய்க்கு முன்னால் கையை உயர்த்தி நின்ற மனிதர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “என்னை வச்சிருங்கோ. எத்தினை நாளெண்டாலும் வச்சிருங்கோ. இது வெயிலிலை நிக்கேலாது, இதை நானாவோடை அனுப்புங்கோ.” கழுத்திலிருந்து அந்தப் பொலித்தீன் பையைக் கழற்றி அவனுடைய கையில் வைத்தார். அவர் அதைக் கழற்றியதை நானா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

இரத்தம் நானாவின் லொறியில் போயிற்று. அவர் ஆமியின் காவலில் உள்ளே போனார்.

செய்தி வந்த அன்றைக்கு என் நோயை நான் மறந்துபோனேன். உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வந்த காலமா அது? அவருடைய மனைவி எங்கள் சங்கக் கந்தோர் வாசலில் வந்து இருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் லொறி வந்தது. அவருக்கு ஒரு கன்னம் வீங்கியிருந்தது. இறங்கியதும் முதல் கேள்வி, “ரத்தம் ஒறஞ்சிருச்சாங்க?” அதன்பிறகு ஒரு வாரம் அவருக்கு மலைநாட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. லொறியைத் தொடவும் இல்லை. மனைவி எடுத்து வைத்த சாப்பாட்டையும் ஐஸ்பெட்டிக்குள் இருந்துதான் சாப்பிட்டார்.

இரத்தம் உறையவில்லை. டொக்டர் சொன்ன அந்த ஒட்டு இருந்தது. பாஸ் கிடைத்தது, குளிசையும் கிடைத்தது. இன்றைக்கும் காலைச் சாப்பாட்டோடு அதை விழுங்கிக்கொண்டு உங்களுக்கு இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் கொழும்பு ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிற ஒவ்வொரு டொக்டரும் தவறாமல் கேட்பார், எப்போதாவது மச்சை மாற்றவேண்டி வந்தால் பொருந்துமா என்று பார்க்க, கூடப்பிறந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று. நானும் தவறாமல் சொல்வேன்:

“ஓம், ஒரு அண்ணை இருக்கிறார். ஊசிக்குப் பயம். தயவுசெய்து அவரைக் கூப்பிடாதேங்கோ, வந்துவிடுவார்.”